நால்வரில் ஒருவர்

நான்கு பேரில் ஒருவர் யோக்கியமாக இருந்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது பாருங்கள்! நான்கு பேரும் யோக்கியர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எவனும் நம்பியிருக்க மாட்டான். மூன்று பேர் என்றாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள். ஒரே ஒருவர் போதும் என்றதும் அமைச்சரிலிருந்து பத்திரிகைக்காரர்வரை எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்கில் ஒன்றுகூடவா தேறாது?

கோகிலவாணியும் அப்படித்தான் நினைத்தாள். இத்தனைக்கும் அந்த ஏற்பாட்டை வகுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

அதற்கு முந்தைய லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். இதயமோ கல்லீரலோ வேண்டுமென்று பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களின் வரிசையில், யாரோ ஒரு பெரிய மனிதர் போன் செய்தால் போதும், கடைசியில் நின்றவன் முதலில் வந்து நிற்பான். ஏன் என்று கேட்டால் கோப்பைக் காட்ட மாட்டார்கள். நோயாளியின் அந்தரங்கமாம்! அந்த அந்தரங்கத்துக்குள்தான் அத்தனை அயோக்கியத்தனமும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கோகிலாவின் திட்டத்தில் கோப்பை யாரும் காட்ட வேண்டியதில்லை. மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களைப் பூட்டியபடியே உறுப்பு ஆணையத்தின் கணினிக்கு அனுப்பும். ஓர் உறுப்பு கிடைத்ததும் கணினி விதிகளைப் போட்டுப் பார்த்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். தேர்வு விதிப்படிதான் நடந்தது என்று கூடவே ஒரு சான்றும் வரும். அதை யார் வேண்டுமானாலும் கைபேசியில் சோதித்துக்கொள்ளலாம். பச்சையில் 'சரி' என்று வரும், இல்லாவிட்டால் சிவப்பில் 'தவறு' என்று வரும். இத்தனை ஆண்டுகளில் சிவப்பு வந்ததே இல்லை.

இப்போது அந்த வரிசையில் அவளுடைய தம்பி மிதுன் காத்திருந்தான். பேட்மின்டன் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது இதயத்தின் தசையைப் பாழாக்கிவிட்டுப் போனது. கோர்ட்டில் குதித்துக் குதித்து அடித்தவன், கோவையில் அவினாசி சாலை மருத்துவமனை ஒன்றின் படுக்கையில் பாத்ரூம் போய்வரவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அப்பா அம்மா போன பிறகு கோகிலாவுக்கு மிஞ்சிய சொந்தம் அவன் ஒருவன்தான்.

"ஏக்கா, என்ற நம்பர் எங்க நிக்குதுன்னு உனக்குக்கூடத் தெரியாதா?" என்று கேட்டான் ஒருநாள்.

"தெரியாது சாமி. எனக்குத் தெரிஞ்சா அப்பறம் அது என்ன பூட்டு?"

"உள்ள என்ன இருக்குன்னே பாக்காம சரின்னு எப்படிச் சொல்லுது?"

கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரு ரூம் பூட்டியிருக்குன்னு வையி. சாவி எங்கிட்ட இருக்குங்கற நீ. நான் நம்பல. சாவியக் காட்டவும் உனக்கு இஷ்டமில்ல. நான் ஒரு சீட்டுல என்னமோ எழுதி ஜன்னல் வழியா உள்ள போடறேன். நீ போயி அதப் படிச்சுட்டு வந்து எங்கிட்டச் சொல்லிட்டீன்னா, சாவி உங்கிட்ட இருக்குதுன்னு நான் நம்பித்தான ஆகணும்? சாவியப் பாக்கவே இல்ல, ஆனா நம்பிட்டேன்."

மிதுன் விடுவதாக இல்லை. "அந்த ரூமக் கட்டுன மேஸ்திரியா இருந்தா? எந்த ஜன்னல் கம்பி கழலும்னு அவனுக்குத் தெரியுமே. சாவியே வேண்டியதில்லையே."

"போடா, பெரிய துப்பறியிறவன்," என்று அவன் தலையில் தட்டினாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. காரணம் இருந்தது. பக்கத்து அறையில் பீளமேட்டு பில்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். முந்தின வாரம்வரை நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த மனிதராம். படுக்கை விரிப்பு கசங்குவதற்குள் அவருக்கு இதயம் வந்துவிட்டது. மிதுன் மாதக்கணக்காகக் கிடக்கிறான். கைபேசியில் பார்த்தாள். பச்சையில் 'சரி' என்றுதான் இருந்தது. ஏன் சரி என்று கேட்க இடமில்லை. அவளே வைத்த பூட்டு அது.

கம்பி கழற்றத் தெரிந்த மேஸ்திரி உண்டா என்றால், உண்டு. நாலு பேர்.

ஏற்பாடு தொடங்கிய அன்று 'முத்திரை நாள்' என்று பெரிய ஆரவாரம் செய்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத நான்கு பேரை ஆணையம் தேடிப் பிடித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆவுடையப்பன், கணிதப் பேராசிரியர் இன்னாசிமுத்து, இதய அறுவை மருத்துவர் மெஹருன்னிசா, பிறகு கோகிலா. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பூட்டிய அறைக்குள் போய், புத்தம்புதுக் கணினியில் கைபோன போக்கில் ஒரு நீண்ட எண்ணைத் தட்ட வேண்டும். நான்கு எண்களும் கலந்து உருவானதுதான் முத்திரை. சான்றுகள் எல்லாம் அந்த முத்திரையை வைத்தே உருவாகும். எண்ணைத் தட்டியவர் உடனே அதை அழித்துவிட வேண்டும். நான்கும் ஒரே கையில் சேர்ந்தால் அந்தக் கை எந்தப் பொய்க்கும் பச்சைச் சான்று வாங்கிவிடும். அந்தப் பொய்ச் சான்றை நிஜச் சான்றிலிருந்து பிரித்தறிய எந்தக் கொம்பனாலும் முடியாது. ஒன்று அழிந்தாலும் போதும், மற்ற மூன்றும் குப்பை. 'ஒருத்தர் யோக்கியமா இருந்தாப் போதும்' என்பதன் கதை இதுதான்.

அறைக்குள் கேமரா வைக்கவில்லை. வைத்தால் எண் தெரிந்துவிடுமே! பிறகு நான்கு கணினிகளையும் கணபதியிலுள்ள ஒரு ஃபவுண்டரிக்குக் கொண்டுபோய், தொலைக்காட்சிகளுக்கு முன்னால் உலையில் போட்டு உருக்கினார்கள். கைதட்டினார்கள். மூடிய அறைக்குள் அவரவர் அதற்குமுன் என்ன செய்தார் என்பது அவரவருக்கு மட்டும்தான் தெரியும்.

கோகிலா ஒரு சின்னச் சிப்பில் தன் எண்ணை நகலெடுத்து வைத்துக்கொண்டாள். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பேக்கப் எடுக்காமல் எதையும் அழிக்கிற எஞ்சினியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கை தானாகச் செய்துவிட்டது. வெளியே வந்த பிறகு திக்கென்றது. அப்புறம் ஒரு சமாதானமும் தோன்றியது. மற்ற மூவர் அழித்திருப்பார்கள், என்னுடையது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இப்போது, மிதுனின் கட்டிலருகே, அந்தச் சமாதானம் எடுபடவில்லை. மற்ற மூவரும் இதையே நினைத்திருந்தால்?

பேராசிரியர் இன்னாசிமுத்துவிடம் முதலில் போனாள். வடவள்ளியில் தனியாக இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "சார், உங்க எண்ணு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது. "ஏம்மா இப்ப கேக்குறே?"

"முத்திரை உடைஞ்சிருக்குமோன்னு சந்தேகம். நாலும் சேருமான்னு சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அழிக்க மனசு வரலம்மா. ஆராய்ச்சிக்கு உதவும்னு வச்சிருந்தேன். மத்தவங்க அழிச்சிருப்பாங்கதானே?" அவருக்கு எரிச்சலும் வந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன். இந்த முத்திரைச் சடங்கே தேவைப்படாத சான்றுமுறை இருந்துச்சு. நீங்கதான் கேக்கல."

"அந்தச் சான்று பெருசுங்க சார். ஒவ்வொண்ணையும் வச்சுக்காக்க எடம் பத்தாதுன்னு கவர்மென்ட்ல ஒத்துக்கல. இது சின்னது. பின்னால வந்த மடிப்புக்கும் இதுதான் தோதா இருந்துது."

மடிப்பு என்பது போன ஆண்டு வந்த சங்கதி. உறுப்புக்காக வைத்த முத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றதும், பத்திரப்பதிவு, ரேஷன், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஒரு நாளில் வருகிற லட்சக்கணக்கான சான்றுகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மாலையில் ஒரே ஒரு குட்டிச் சான்றாக்கி, மூல விவரங்களை அழித்துவிடுவார்கள். இடம் மிச்சம், வேகம் அதிகம், அந்தரங்கமும் பத்திரம். உள்ளே ஒரு பொய் மடிந்து போயிருந்தால், அது எந்தப் பொய் என்று தேட எதுவும் மிஞ்சாது.

பேராசிரியர் சிப்பைத் தந்தார். டாக்டர் மெஹருன்னிசாவும் தந்தார், மிதுன் பெயரைக் கேட்டதுமே. "என் டேபிள்ல ஒரு உயிர் கிடக்கும்போது மெஷின் தப்பாச் சொன்னா என்ன பண்றதுன்னு பயந்தேன் கோகிலா. அதுக்காகத்தான் வச்சேன். ஒரு தடவைகூட எடுத்ததில்ல, அல்லாஹ் மேல சத்தியமா." பிறகு அவரும் அதையேதான் கேட்டார். "மத்தவங்க அழிச்சிருப்பாங்கல்ல?"

ரேஸ்கோர்ஸில் நீதிபதி ஆவுடையப்பனுக்குப் பெரிய வீடு. திருநெல்வேலிக்காரர். எத்தனை ஆண்டு கோவையில் இருந்தாலும் பேச்சு மாறவில்லை. கோகிலா கேட்டதும் கொஞ்சமும் அசராமல் மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"கவர்மென்ட்டு நாளைக்கு நம்ம கழுத்தப் புடிச்சா, கையில ஒண்ணு இருக்கணும்லா? அதான் வச்சேன்," என்றார். "ஆனா நீ வந்து கேப்பேன்னு நெனைக்கல, கேட்டியா. போன வருசம் ஒருத்தன் வந்தான். நல்ல மரியாதைக்காரன். பேராசிரியர்கிட்டயும் டாக்டரம்மாகிட்டயும் நகல் வாங்கிட்டுத்தான் எங்கிட்ட வந்துருக்கான். நானும் ஒரு நகல் குடுத்தேன்."

கோகிலா குறுக்கிட்டாள். "அவங்க ரெண்டு பேரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே!"

"எப்படிச் சொல்லுவாங்க? வச்சிருந்தேன்னு ஒத்துக்கிடலாம், ஒருத்தன்கிட்ட குடுத்தேன்னு ஒத்துக்கிட முடியுமா? மூணும் கெடச்சிட்டு, அந்தம்மாட்ட மட்டும் கேக்கணும்னான். நான்தான் சொன்னேன். ஏ, அவ நெருப்பு. திட்டம் போட்டவளே அவதான், அவ எரிச்சிருப்பா, போய்க் கேட்டேன்னா உன்னை உள்ள தள்ளிருவான்னேன். பய அப்படியே போயிட்டான்." சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ எரிச்சிட்டேல்லா?"

"எரிச்சுட்டேனுங்க," என்றாள் கோகிலா. "இது சும்மா ஒரு சோதனைக்கு."

"அப்படியா. சரி, சரி," என்றார் நீதிபதி.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் முழுசாக உறைத்தது. அந்த மரியாதைக்காரன் யாராகவும் இருக்கட்டும். அவனிடம் மூன்று இருக்கிறது, நாலாவது இல்லை. நாலாவது இல்லாமல் ஒரு பொய்ச் சான்றுகூடச் செய்ய முடியாது. அப்படியானால் இதுவரை வந்த பச்சை எல்லாம் நிஜப் பச்சைதான். பில்டருக்கு வந்தது விதிப்படி வந்த இதயம்தான். ஓடியாடிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று விழுந்திருப்பார், நாளைக்குத் தாங்க மாட்டார் என்ற நிலையில் இருந்திருப்பார். மிதுனுக்கு முன்னால் நிற்பவர்கள் உண்மையிலேயே மிதுனைவிட மோசமாகக் கிடப்பவர்கள். யாரும் ஏமாற்றவில்லை.

நால்வரில் ஒருவர் யோக்கியமாக இருந்தால் போதும் என்றார்களே, அந்த ஒருவர் அவள்தான். அதுவும் யோக்கியத்தால்கூட இல்லை. அவள் மூச்சுவிடாமல் இருந்ததால்.

இதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் கட்டியது இன்னும் விழவில்லை. ஆனால் பாழும் மனசு எங்கே சந்தோஷப்படுகிறது? திருட்டு நடந்திருந்தால், திருடியவனிடமிருந்து திரும்ப எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாக்கும் போய்விட்டது. பையில் இப்போது நான்கு சிப்புகளும் இருந்தன. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மிதுனைப் பார்க்கும் இதய மருத்துவர். "மேடம், கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா? பம்ப்பிங் ரொம்ப இறங்கிடுச்சு. கிட்னியும் ஒத்துழைக்கல. இந்த வாரம் தாண்டறது கஷ்டம்."

போய்ப் பார்த்தாள். மிதுனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "அக்கா, பயமா இருக்குதுக்கா," என்றான். சின்ன வயதில் நாய் துரத்தினால்கூடச் சொல்லாத பயல். "என்னை வுட்டுட்டு எங்கயும் போயிராத."

"போகல கண்ணு. ஒண்ணும் ஆகாது," என்றாள்.

மதியம் சேலத்தில் ஒருவர் மூளைச்சாவு அடைந்தார் என்ற தகவல் ஆணையத்துக்கு வந்தது. மிதுனின் அதே ரத்த வகை. கணினி விவரங்களைச் சேர்த்து எண்ணை வெளியிட எப்படியும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்பது கோகிலாவுக்குத் தெரியும். ஓர் உறுப்புக்கு இரண்டு சான்றுகள் வந்தால் முந்தி வந்ததுதான் செல்லும், பிந்தியது தானாக உதிர்ந்துவிடும். அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

மருத்துவமனை கேன்டீனில் ஒரு மூலை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்து மேஜையில் யாரோ போண்டாவுக்குச் சட்னி பற்றவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு எண்களையும் சேர்த்தாள். 'இந்த இதயம் விதிப்படி மிதுனின் எண்ணுக்கே உரியது' என்று எழுதிச் சான்று கேட்டாள். கொஞ்சம் தடங்கலாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வராதா என்று ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கைபேசியில் சோதித்துப் பார்த்தாள். பச்சை. 'சரி'.

அனுப்பினாள்.

சைரனோடு இதயம் வந்தது. மிதுனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை அரங்கின் வெளியே காத்திருக்கும் கூடம் நிரம்பியிருந்தது. எதிரே தாராபுரத்துப் பெண் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுடைய வீட்டுக்காரர் இதயத்துக்குக் காத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். இரண்டு இருக்கை தள்ளி, மகளுடைய ஸ்கூல் பையை மடியில் வைத்தபடி ஒரு தகப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி தேர்ந்தெடுத்த எண், உதிர்ந்துபோன அந்த எண், இவர்களில் யாருடையது என்று கோகிலாவுக்குத் தெரியாது. இந்த ஊரிலேயே இல்லாத யாருடையதாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியே கிடையாது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாள்.

தாராபுரத்துப் பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "ஏனுங் அம்மிணி, டிவில எல்லாம் வந்தீங்களே, நீங்கதானுங்க? அடுத்தது இவருக்குத்தான் இருக்கும்னு டாக்டரே சொன்னாருங்க. இன்னிக்கும் வரல. போன்ல பாத்தா சரின்னு காட்டுது. சரின்னா சரியாத்தானுங்க இருக்கும்?"

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சரியாத்தாங்க இருக்கும்," என்றாள் கோகிலா.

"அப்பறம் என்னுங்க பண்றது. நம்ம தலையெழுத்து," என்று அந்தப் பெண் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் காலையில் மிதுனைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். உதட்டில் நிறம் வந்திருந்தது. திரையில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. கோகிலா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் மேடம். தம்பிக்கு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோசமுங்க." நடுத்தர வயதுக் குரல். அவ்வளவு மரியாதை.

"யாருங்க பேசறது?"

"நீதிபதி ஐயா சொன்னாருங்க, நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு. எரிச்சுட்டவங்களுக்கு மத்த மூணும் எதுக்குன்னு எங்களுக்கு ஒரே யோசனை. நேத்து தம்பிக்கு ஹார்ட் வந்துதுன்னதும் புரிஞ்சுபோச்சு." குரல் லேசாகச் சிரித்தது. "போன வருசமே உங்களக் கேட்டிருக்கணும். நீங்க எரிச்சிருப்பீங்கன்னு நம்பிக்கிட்டே இருந்துட்டோம், பாத்துக்குங்க."

கோகிலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மேடம். எங்களுக்கு இந்த ஆஸ்பத்திரி விசயமெல்லாம் எதுக்குங்க? மடிப்புல எல்லாமே ஒண்ணாத்தானே போகுது. தேர்தல் வருதுங்கல்ல. பட்டியல்ல கொஞ்சம் வேலை இருக்கு. நாலாவத நீங்க குடுத்துட்டீங்கன்னா போதும், மத்ததெல்லாம் நாங்களே பாத்துக்குவோம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சரின்னுதான் வரும்."

"குடுக்கலைன்னா?"

"ஐயய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க. தம்பிக்கு வந்தது யாருக்கு வரவேண்டியதுன்னு நாலு பேரு கேக்க ஆரம்பிச்சா, பாவம், ஒடம்பு தேறுற நேரத்துல அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிதுன் கண் திறந்தான். அக்காவைத் தேடினான். கண்டுபிடித்ததும், குழாய்கள் சொருகியிருந்த கையை ஓர் அங்குலம் தூக்கி ஆட்டினான். கோகிலாவும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

"எப்ப வேணும்?" என்று போனில் கேட்டாள்.